சென்னை – டூசல்டோர்ஃப் பயணத்தில் இரு வழியிலும் தாமதம்: எதற்கு இழப்பீடு கிடைக்கும்?

காவேரிப்பெண் (கேள்வி)

வணக்கம். நான் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கிறேன். மதுரையில் இருக்கும் என் பெற்றோர் கோடையில் எங்களைப் பார்க்க வந்து திரும்பினார்கள். சென்னையிலிருந்து டூசல்டோர்ஃப், பின்பு அங்கிருந்து சென்னை என்று போக வர ஒரே முன்பதிவு எண்ணில், ஒரு வளைகுடா விமான நிறுவனத்தில் பயணச்சீட்டு வாங்கியிருந்தேன். இரு வழியிலும் அந்நிறுவனத்தின் ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டும்.

வரும்போது சென்னையிலேயே ஐந்து மணி நேரத் தாமதம். இணைப்பு விமானம் தவறியதால் டூசல்டோர்ஃபுக்குப் பதினொரு மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக நான் வாங்கி வைத்திருந்த ரயில் பயணச்சீட்டும் ஒரு நாள் விடுதிக் கட்டணமும் வீணாயின. திரும்பும்போது டூசல்டோர்ஃபில் விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிந்தியது. ஆனால் மறுபடியும் இணைப்பு தவறி, சென்னைக்கு ஒன்பது மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இடைவழி விமான நிலையத்தில் உணவுச் சீட்டு எதுவும் கொடுக்கப்படாததால் சொந்தப் பணத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். ரசீதுகள் என்னிடம் உள்ளன.

நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு முறையும் தொழில்நுட்பக் கோளாறு என்றும், அது தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்றும், டூசல்டோர்ஃபில் ஏற்பட்ட தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டாததால் ஐரோப்பிய விதியே பொருந்தாது என்றும் பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் ஆளுக்கொரு வவுச்சர் தருகிறார்களாம். இரு வழிக்கும் இழப்பீடு கேட்க முடியுமா? வவுச்சரை ஏற்றுக்கொண்டால் பிறகு பணம் கேட்க இயலாமல் போய்விடுமா?

விதிமுறை வாசகன்

சகோதரி, வவுச்சரை இப்போதைக்குத் தொடாதீர்கள். விமானப் பயணியரின் உரிமைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறைப்படி இழப்பீடு பணமாகத் தரப்பட வேண்டும். பயணி கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே அதை வவுச்சராக மாற்றலாம். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால், முழுத் தீர்வுக்கும் சம்மதித்துவிட்டீர்கள் என்று அவர்கள் வாதிடுவார்கள்.

உங்கள் பெற்றோரின் போக்கும் வரவும் ஒரே சீட்டில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு வெவ்வேறு பயணங்கள். 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஒழுங்குமுறை, ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானம் என்றால், அதை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். டூசல்டோர்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலா சென்ற ஒருவர், திரும்பும் விமானம் ரத்தானபோது, மொத்தமும் ஒரே பயணம்தானே என்று வாதிட்டுப் பார்த்தார். 2008இல் தீர்ப்பான அந்த ஷெங்கெல் வழக்கில் லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே சென்னையில் தொடங்கிய வருகைப் பயணத்துக்கு இந்த விதியின் கீழ் ஒரு யூரோகூடக் கிடைக்காது. இதே வழியில் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் விமானத்தில் வந்திருந்தால் கிடைத்திருக்கும். நியாயமாகத் தெரியவில்லைதான், ஆனால் விதி அப்படி.

திரும்பிய பயணத்தில் நிலைமை உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. புறப்பாட்டுத் தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டவில்லை என்ற பதில் சட்டப்படி நிற்காது. ஒழுங்குமுறையின் வாசகத்தில் தாமதத்துக்குப் பண இழப்பீடே எழுதப்படவில்லை. போய்ச் சேரும் இடத்தில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ இழந்தவர்களும் ரத்தான விமானத்தின் பயணிகளுக்குச் சமமானவர்கள் என்று 2009இல் ஸ்டர்ஜன் வழக்கில் நீதிமன்றம்தான் அந்த உரிமையை உருவாக்கியது. 2013இல் வந்த ஃபோல்கெர்ட்ஸ் தீர்ப்பு உங்கள் வழக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. பிரேமனிலிருந்து பாரிஸ், சாவ் பாவ்லோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோனுக்குச் சென்ற பயணி அவர். பிரேமனில் தாமதம் சுமார் இரண்டரை மணி நேரம்தான். இணைப்புகள் தவறியதால் கடைசியில் பதினொரு மணி நேரம் பிந்திச் சேர்ந்தார். இறுதி இடத்தில் ஏற்பட்ட தாமதமே கணக்கு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. விமானம் மாறிய இடம் ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பதும் தடையாகாது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் சென்றவரின் வேகெனர் வழக்கில், ஒரே முன்பதிவில் உள்ள இரண்டு கட்டங்களும் ஒரே பயணமாகக் கொள்ளப்படும் என்று 2018இல் முடிவானது.

தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே செல்லும் பயணங்களில் 3,500 வரை 400, அதற்கு மேல் 600. டூசல்டோர்ஃப் – சென்னை கடைசி வகையில் வரும். தாமதம் நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் தொகையைப் பாதியாகக் குறைக்க அவர்களுக்கு இடமுண்டு. ஒன்பது மணி நேரம் என்பதால் ஆளுக்கு 600, இருவருக்கும் 1,200 யூரோ முழுமையாகக் கேட்கலாம். பயணச்சீட்டின் விலை என்னவாக இருந்தாலும் இந்தத் தொகை மாறாது.

தொழில்நுட்பக் கோளாறு என்ற சாக்குக்கு 2008இல் வாலென்டின்-ஹெர்மன் தீர்ப்பிலேயே பதில் கிடைத்துவிட்டது. விமானத்தைப் பராமரிக்கும்போது வெளிப்படும் பழுதுகள் நிறுவனத்தின் அன்றாடத் தொழிலைச் சேர்ந்தவை. இழப்பீட்டிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கும் ‘அசாதாரணச் சூழ்நிலை’ அவை ஆகமாட்டா. தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும் மறைவான குறைபாடோ, நாசவேலையோ இருந்தால் மட்டும் வேறு கதை. உணவு ரசீதுகளைத் தனியாகக் கேளுங்கள். காரணம் எதுவாயினும் உணவும் தேவைப்பட்டால் தங்கும் இடமும் தந்தாக வேண்டும் என்பது 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது எழுந்த மெக்டொனா வழக்கில் உறுதியானது.

அடையாறு வழக்கறிஞர்

மேலே சொல்லப்பட்டது சரி. விடுபட்டுப்போன வருகைப் பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பலர் அதை அப்படியே கைகழுவிவிடுகிறார்கள்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, வகுத்த பயணியர் வசதி விதிகள் உள்ளன. அவற்றில் ரத்துக்கும், இருக்கை உறுதியாகியும் ஏற்ற மறுத்ததற்கும் பணம் உண்டு. முன்னறிவிப்பின்றி ரத்தானால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. ஏற்ற மறுத்தால் உச்சவரம்பு 20,000 ரூபாய் வரை போகும். தாமதத்துக்கோ உணவு, சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது பணம் திருப்பித் தருதல். ஒரு நாளைத் தாண்டினால், அல்லது இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால், விடுதி. இவ்வளவுதான்; ரொக்கம் கிடையாது. எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் இழப்பீடு இல்லை என்பது இந்த விதிகளின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

ஆயினும் உங்களுக்கு, பன்னாட்டு விமானப் பயணங்களில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. 2009 முதல் இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அதன் 19ஆம் பிரிவின்படி, தாமதத்தால் ஏற்பட்ட உண்மையான நஷ்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்; தடுக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். ஐரோப்பிய விதியைப் போல இங்கு முன்கூட்டியே நிர்ணயித்த தொகை இல்லை. பயனற்றுப் போன ரயில் சீட்டு, விடுதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் ஆதாரத்துடன் காட்ட வேண்டும். உச்சவரம்பு ஒரு பயணிக்கு 6,303 சிறப்பு எடுப்பு உரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அலகுகள். 2024 டிசம்பர் 28க்கு முன்பு அது 5,346 ஆக இருந்தது. உங்கள் தொகை அதன் அருகில்கூட வராது.

எங்கே வழக்குத் தொடுப்பது என்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. போய்த் திரும்பும் சீட்டில், தொடங்கிய இடமே சென்றுசேரும் இடமாகவும் கருதப்படுகிறது. ஆகவே ஜெர்மனிக்கு வந்த பயணத்தில் நேர்ந்த தாமதத்துக்கும் இந்தியாவில் வழக்குத் தொடுக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்ய வழிவகுக்கிறது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் தந்தையார் புகார் அளிக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. மன உளைச்சலுக்காகவும் ஒரு தொகை வழங்கும் வழக்கம் நம் ஆணையங்களில் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுக் காலவரையறையை மறந்துவிடாதீர்கள்.

கொலோன் வாசி

இழப்பீடு கேட்கும் உரிமை பயணம் செய்தவர்களுக்கே உரியது, சீட்டு வாங்கிய உங்களுக்கு அல்ல. நீங்கள் உங்கள் பெயரில் எழுதிக்கொண்டிருந்தால், நிறுவனம் ஒரு கட்டத்தில் அதையே காரணமாகக் காட்டும். பெற்றோர் இருவரிடமும் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு முன்பதிவு எண், விமான எண், தேதி, போர்டிங் பாஸ் நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன், பதினான்கு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஜெர்மனியில் பயணியருக்கான சமரச அமைப்பு இருக்கிறது, பயணிக்குச் செலவில்லை. அதுவும் பயனளிக்காவிட்டால், விமானம் புறப்பட்ட இடம் டூசல்டோர்ஃப் என்பதால் அந்த நகரின் கீழ் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இத்தகைய வழக்குகள் அங்கே குவிந்து கிடப்பதால் நீதிபதிகளுக்கு இந்த விதி மனப்பாடம். ஜெர்மனியில் காலவரையறை, பயணம் செய்த ஆண்டின் இறுதியிலிருந்து மூன்று ஆண்டுகள். இணையத்தில் விளம்பரம் செய்யும் இழப்பீட்டு முகமைகளிடமும் கொடுக்கலாம். வென்றால் தொகையில் கணிசமான பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு தெளிவான வழக்குக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

காவேரிப்பெண்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன தீர்ப்புகளைக் குறிப்பிட்டு எழுதியதும் நிறுவனத்தின் பதில் மாறிவிட்டது. டூசல்டோர்ஃபுக்கு வந்துகொண்டிருந்த விமானத்தின் மீது பறவை மோதியதாகவும், அதனால் சோதனை செய்ய வேண்டியிருந்ததாகவும் இப்போது எழுதியிருக்கிறார்கள். பறவை மோதினால் இழப்பீடு கிடையாது என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

விதிமுறை வாசகன்

பாதி உண்மை. 2017இல் பெஷ்கோவா வழக்கில், பறவை மோதுவது அசாதாரணச் சூழ்நிலைதான் என்று முடிவானது. முந்தைய பயணத்தில் மோதியிருந்தாலும், அதே விமானம்தான் உங்கள் பெற்றோரை ஏற்றிச் சென்றது, தாமதத்துக்கு அதுவே நேரடிக் காரணம் என்றால் அந்த வாதத்தை எழுப்பலாம். ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் அவர்களுடையது. விமானத்தின் பதிவு எண்ணையும் பராமரிப்புக் குறிப்பேட்டில் அன்றைய பதிவையும் கேளுங்கள். முதல் கடிதத்தில் தொழில்நுட்பக் கோளாறு, இரண்டாவதில் பறவை என்று எழுதியிருப்பதை நீதிபதி கவனிக்காமல் இருக்கமாட்டார். இரண்டு கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பறவை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவர்கள் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தாமதம் எப்படி ஒன்பது மணி நேரமாக வளர்ந்தது? அசாதாரணச் சூழ்நிலை இருந்தாலும், பயணியை இயன்றவரை விரைவாக, தேவைப்பட்டால் பிற நிறுவனத்தின் விமானத்திலாவது ஏற்றி அனுப்ப முயன்றிருக்க வேண்டும், தன் அடுத்த விமானம் வரும்வரை உட்கார வைத்தால் போதாது என்று 2020இல் ஒரு போர்ச்சுகீசிய நிறுவனத்தின் வழக்கில் நீதிமன்றம் கூறியது. வளைகுடாவிலிருந்து சென்னைக்குப் பல நிறுவனங்களின் விமானங்கள் உள்ளன. அன்றைக்கு உங்கள் பெற்றோர் காத்திருந்த நேரத்தில் அங்கிருந்து சென்னைக்குக் கிளம்பிய விமானங்களின் பட்டியலை, விமானத் தடமறியும் தளங்களில் பழைய பதிவுகள் மறைவதற்குள் எடுத்து அடுத்த கடிதத்துடன் இணைத்து, அவற்றில் இடம் இருந்ததா, கேட்டுப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.