பி.கே.ஆர் நீக்கிய செல்லிலும் புரத உற்பத்தி நிற்பது ஏன்?

டர்பன்_திசு:
வணக்கம். ஏ549 செல்களுக்குப் (மனித நுரையீரல் புற்றுச் செல்கள்) பாலி ஐ:சி என்னும் செயற்கை இரட்டை இழை ஆர்என்ஏவை (மில்லிக்கு 1 மைக்ரோகிராம், லிப்போஃபெக்டமினுடன்) கொடுத்து, 6 மணி நேரம் கழித்துப் வளரும் புரதச் சங்கிலியில் கோர்க்கப்படும் பியூரோமைசின் (மில்லிக்கு 10 மைக்ரோகிராம், 10 நிமிடம்) வைத்துப் புதுப் புரதத்தை அளக்கிறோம். சாதாரணச் செல்லில் அளவு விழுகிறது, சரி. இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டதும் புரத உற்பத்தியை நிறுத்தும் நொதியான பி.கே.ஆரை, லென்டிகிரிஸ்பர் வி2 (மரபணு வெட்டும் கருவியைச் செல்லில் சேர்க்கும் பிளாஸ்மிட்) கொண்டு நீக்கிய செல்லில் விழக்கூடாதே? அங்கே பாலி ஐ:சி கொடுக்காத கிணற்றிலேயே பிளாட் (புரதப் பட்டைகளைக் காட்டும் வெஸ்டர்ன் சோதனை) காலி. வைரஸ் எதிர்ப்புச் சமிக்ஞையான இன்டர்ஃபெரான்-பீட்டாவின் எம்ஆர்என்ஏ மட்டும் கியூபிசிஆரில் (ஆர்என்ஏவை அளக்கும் சோதனை) எக்கச்சக்கமாக ஏறுகிறது. எங்கே தேடுவது?

ரைபோ_பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
இரண்டு சிக்கல்கள் கலந்து கிடக்கின்றன.

காலிக் கிணற்றுக்கும் வைரஸ் எதிர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. லென்டிகிரிஸ்பர் வி2 பியூரோமைசின் எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கிறது. அதன் நொதி பியூரோமைசினை அசிட்டைலேற்றம் செய்துவிடுவதால் ரைபோசோம் அதைச் சங்கிலியில் கோர்க்காது. செல் புரதம் செய்துகொண்டுதான் இருக்கும். மெத்தியோனினுக்குப் பதிலாகப் புதுப் புரதத்தில் சேரும் ஹோமோபுரோபார்கில்கிளைசினுக்கு (50 மைக்ரோமோலார், 30 நிமிடம்) மாறுங்கள். அதற்கு முன் மெத்தியோனின் இல்லாத ஊடகத்தில் அரை மணிக்கு மேல் பட்டினி போடவேண்டாம். அமினோ அமிலப் பஞ்சத்தை உணரும் ஜிசிஎன்2 நொதி கிளம்பி, புரத உற்பத்தியைத் தொடங்கும் காரணியான இஐஎஃப்2 ஆல்ஃபாவின் செரின் 51-ஐப் பாஸ்பரேற்றிவிடும். பி.கே.ஆரும் அதையேதான் செய்கிறது, பிறகு பழி அதன் மேல் விழும்.

அதைச் சரிசெய்த பிறகும் பாலி ஐ:சி கொடுத்ததும் உற்பத்தி விழுந்தால் ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ்-எல்லைப் பாருங்கள். ஓஏஎஸ்3 என்னும் நொதி இரட்டை இழையைப் பிடித்து ஏடிபியிலிருந்து 2-5ஏ என்னும் சிறு மூலக்கூறைச் செய்கிறது. அது ஆர்என்ஏஸ்-எல்லை ஜோடி சேர்க்கிறது. ஒற்றை இழையில் யுஏ, யுயு வரும் இடங்களில் வெட்டு விழுகிறது. பெரும்பாலான எம்ஆர்என்ஏ தீர்ந்துபோகும். பி.கே.ஆர் அடுப்பை அணைக்கிறது என்றால், இது அரிசியையே கொட்டிவிடுகிறது.

மொத்த ஆர்என்ஏவை ஜெல்லில் ஓட்டினால் ரைபோசோம் ஆர்என்ஏவின் 28எஸ், 18எஸ் பட்டைகளுக்குக் கீழே கூடுதல் பட்டைகள் தெரியும். தரம் கெட்ட மாதிரி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதே நாளில் எடுத்த வெறும் செல்லின் ஆர்என்ஏ முழுசாக இருந்தால் வெட்டு உண்மையானதுதான்.

புரதவாசி:
பி.கே.ஆரைக் குறைத்து எடைபோட வேண்டாம். பாஸ்பரேற்றிய இஐஎஃப்2, தன்னை மறுபடி இயங்கவைக்கும் இஐஎஃப்2பி-யை இறுகப் பிடித்துக்கொள்கிறது. செல்லில் இஐஎஃப்2பி குறைவு. ஆகவே சிறு பங்கு பாஸ்பரேற்றமே போதும். வெஸ்டர்னில் பட்டை கொஞ்சம்தான் தடித்தது என்று அலட்சியம் செய்யாதீர்கள். பாஸ்பட்டேஸ் தடுப்பான் கலந்த கரைசலில் பனிக்கட்டி மேல் உடைக்கவும், பிளாட்டை மறைக்கப் பால்பொடிக்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்). ஒப்பீட்டுக்குச் சோடியம் ஆர்சினைட் 0.5 மில்லிமோலார், 30 நிமிடம்; அது இஐஎஃப்2-ஐப் பாஸ்பரேற்றும் இன்னொரு நொதியான எச்ஆர்ஐ வழியாக வருவதால் பி.கே.ஆர் இல்லாத செல்லிலும் பட்டை தரவேண்டும்.

சாட்ஸ்வர்த்_செல்:
கியூபிசிஆரில் எதை வைத்துச் சமன் செய்கிறீர்கள்? வழக்கமான ஒப்பீட்டு மரபணு ஜிஏபிடிஎச் என்றால் அந்த ஏற்றத்தை அப்படியே நம்பாதீர்கள். ஆர்என்ஏஸ்-எல் அதையும் தின்னும். அது 5 சுழற்சி பின்னுக்குப் போனால் இன்டர்ஃபெரான் 32 மடங்கு ஊதிக் காட்டும். செல்லை உடைக்கும்போதே வெளி ஆர்என்ஏ ஒன்றைத் தெரிந்த அளவில் கலந்து, செல் எண்ணிக்கையோடு கணக்கிடுங்கள். ஆனால் இன்டர்ஃபெரான்-பீட்டா எம்ஆர்என்ஏ பெரும்பாலும் வெட்டுக்குத் தப்பிவிடும் என்பதும் உண்மை, ஏற்றம் முழுக்கப் பொய்யில்லை. புரதம் வெளிவருகிறதா என்று எலைசாவில் பார்த்துவிடுங்கள்.

டர்பன்_திசு:
நன்றி. இரண்டு வழிகளையும் பிரிக்க இஸ்ரிப் (பாஸ்பரேற்றிய இஐஎஃப்2 போடும் தடையை நீக்கும் மருந்து) போதுமா? பின்னால் ரிஃப்ட் வேலி காய்ச்சல் வைரஸுக்கும் போக எண்ணம்.

ரைபோ_பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
200 நானோமோலார் போட்டுப் பாருங்கள், ஆனால் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். பாஸ்பரேற்றம் மிக உயர்ந்தால் இஸ்ரிப்பால் மீட்க முடியாது. எம்ஆர்என்ஏவே இல்லாதபோதும் மீளாது. இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஆர்என்ஏஸ்-எல் நீக்கிய செல்லும் இரண்டும் நீக்கிய செல்லும் செய்துகொள்ளுங்கள், பியூரோமைசினுக்குப் பதில் பிளாஸ்டிசிடின் தேர்வில்.

ரிஃப்ட் வேலியில் வைரஸின் என்எஸ்எஸ் புரதம் பி.கே.ஆரைப் புரதம் சிதைக்கும் புரோட்டியோசோமுக்கு அனுப்பிவிடும், போதாததற்கு மரபணுப் படியெடுப்பையும் முடக்கும். நம் தென்னாப்பிரிக்காவில் ஆடுகளுக்குத் தடுப்பூசியாகப் போடும் குளோன் 13 வைரஸில் என்எஸ்எஸ்ஸின் பெரும்பகுதி இல்லை. ஒப்பிட அதுதான் தோது.