ஸ்ட்ரேஞ்ச்டவுனில் நடப்பது நம் பெல்லாவா, வேறொருத்தியா?

கொழிஞ்சாம்பாறைவாசி:
குடும்பங்களை வாழவைத்து ஆடும் கணினி ஆட்டமான தி சிம்ஸ் 2-ஐ (2004) பல வருடம் கழித்து மறுபடி ஆடுகிறேன். அதில் வரும் பிளசன்ட்வியூ என்ற ஊரில் பெல்லா கோத் என்பவளைக் காணவில்லை. கணவர் மார்ட்டிமரும் பிள்ளைகள் கசாண்ட்ரா, அலெக்சாண்டரும் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ட்ரேஞ்ச்டவுன் என்ற இன்னோர் ஊரிலோ அதே பெயரில், அதே சிவப்பு உடையில் ஒருத்தி சாவகாசமாகத் தெருவில் போகிறாள். வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போய் அங்கே இறக்கிவிட்டார்கள் என்பது என் கட்சி.

நகரிக்காரி:
ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. அவளுடைய வம்சாவளிப் படத்தைத் திறந்து பாருங்கள். கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை. பெற்றோர் சிமிஸ், ஜோகாஸ்டா பேச்சலர்கூட இல்லை. பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றா? எங்கள் தெருவில் மட்டும் ஐந்து லட்சுமிகள் இருக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைவாசி:
அக்கா, எங்கள் பாட்டியின் கேரள ரேஷன் அட்டையில் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர். வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் நிலப் பத்திரத்திலோ அப்பா பெயரின் முதலெழுத்து. அதற்காக எனக்கு இரண்டு பாட்டிகளா? சிம்ஸ் 2-இல் ஒவ்வொரு ஊரும் தனிக் கோப்பு. ஓர் ஊர்க்காரருக்கு அடுத்த ஊரில் உறவு எழுதவே வழியில்லை. வம்சாவளி காலியாக இருப்பது எல்லை செய்த வேலை, அவள் செய்ததல்ல.

குமுளி மிளகு:
நீங்கள் ஆதார் அலுவலகத்தில் நில்லுங்கள், நான் வயதுக் கணக்குக்கு வருகிறேன். சிம்ஸ் வரிசையில் முதல் ஆட்டம் வந்தது 2000-இல். இரண்டாவதன் கதை அதற்கு 25 வருடம் பின்னால், மூன்றாவதன் கதை (2009) 25 வருடம் முன்னால். மூன்றாவதில், சன்செட் வேலி என்ற ஊரில், பெல்லாவும் மார்ட்டிமரும் ஒன்றாக விளையாடும் சிறுபிள்ளைகள். ஐம்பது வருடம் கழித்து மார்ட்டிமர் கிழவர். பெல்லாவின் அண்ணன் மைக்கேல், டீனா காலியன்டேயை மணந்து, முதுமையில் இறந்தும்விட்டார். ஆனால் ஸ்ட்ரேஞ்ச்டவுன் பெண்ணுக்கு நரைகூட இல்லை! கசாண்ட்ரா முதல் ஆட்டத்திலேயே சிறுமி. தம்பி அலெக்சாண்டர் இரண்டாவதில் இன்னும் சிறுவன். பெல்லா எந்த வயதில் பெற்றாள் என்று கணக்குப் போட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது.

கொழிஞ்சாம்பாறைவாசி:
விண்கலத்தில் கழிந்த காலம் வயதில் சேராது என்று வைத்துக்கொள்ளலாமே.

நகரிக்காரி:
கொழிஞ்சாம்பாறை அண்ணன் மூழ்கும்போது விண்கலத்தைப் பிடித்துக்கொள்கிறார். அது அவளுக்கு நரை இல்லாததற்கு வேண்டுமானால் பதில். அலெக்சாண்டர் இன்னும் சிறுவனாக இருப்பதற்குப் பதில் எங்கே? நான் சொல்கிறேன்: மூன்றாம் பாகத்தைப் பின்னால் எழுதியவர்கள் வயதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறைவாசி:
நான்காவதில் (2014) வில்லோ கிரீக் என்ற ஊரில் பெல்லா வீட்டோடுதான் இருக்கிறாள், உளவாளி உத்தியோகத்தில். திரும்பி வந்துவிட்டாள் பார்த்தீர்களா?

நகரிக்காரி:
அது வேறு காலக்கோடு என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். அங்கே அவள் போகவே இல்லை, எப்படித் திரும்புவாள்? வயதை வேண்டுமானால் விட்டுத்தருகிறேன், வம்சாவளியை விடமாட்டேன்.

குமுளி மிளகு:
சரி, அவள் காணாமல் போன கதையில் வருவது டான் லொதாரியோ என்ற பிளசன்ட்வியூக்காரனின் மொட்டைமாடித் தொலைநோக்கி. அதே டானுக்குத்தான் கசாண்ட்ராவை நிச்சயம் செய்திருக்கிறார்கள். இத்தனை பதிவில் ஒருவராவது அவனை விசாரித்தீர்களா?