16 வந்தா நிக்கணுமா, எடுக்கணுமா?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்: பிளாக்ஜாக்னா, 21ஐத் தாண்டாம டீலரை (சீட்டு போடுற கேசினோ ஆளை) முந்தணும்கிற சீட்டாட்டம். நேத்து பக்கத்துத் திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்காரு: "பிளாக்ஜாக்ல 16 வந்தப்புறம் சீட்டு எடுக்கிறவன் மடையன்"னு. டீலர் 10 காட்டினாலும் நிக்கணுமாம், அதாவது மேல சீட்டு எடுக்கக் கூடாதாம். எந்தக் கைக்கு என்ன செய்யணும்னு சொல்ற அடிப்படை அட்டவணையில அந்தக் கட்டத்துல "எடு"ன்னுதான் போட்டிருக்கு. யாருப்பா மடையன்?

ராயபுரம்_ராக்கெட்: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாம், கடிக்க மாட்டேன். மொத்தம் 13 வகை சீட்டு. 16 மேல 6ல இருந்து ராஜா வரைக்கும் எது வந்தாலும் 21 தாண்டி அவுட்டு. எட்டு வகை சாவு, அஞ்சு வகைதான் பொழப்பு. நூத்துக்கு 61 தடவை நீயே போய் விழுற. இதுக்கு அட்டவணை வேற கேடு.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்: நின்னா மட்டும்? டீலர் தாண்டினாத்தான் உனக்குக் காசு. 10 வச்சிருக்கிற டீலர் நாலு கைக்கு ஒரு கை கூட தாண்டுறதில்ல.

ராயபுரம்_ராக்கெட்: 61. அதுக்குப் பதில் சொல்லு.

பெரம்பூர்_பொடிநடை: முதல்ல எந்த ஆட்டம்னு சொல்லுங்க. சாதா பிளாக்ஜாக்கா, ஸ்பானிஷ் 21ஆ? அதுல 10 நம்பர் சீட்டை உருவிடுவாங்க, ஒரு கட்டுக்கு 48தான். அட்டவணையே தனி. சரண்டர் (பந்தயத்துல பாதியை விட்டுட்டு விலகுறது) உண்டா இல்லையான்னும் தெரியல.

ராயபுரம்_ராக்கெட்: 48ஓ 52ஓ, 61 61தான்.

பெரம்பூர்_பொடிநடை: 48ல அது 58 ஆயிடும்ணே.

ராயபுரம்_ராக்கெட்: குறுக்க வராத தம்பி, பெரியவங்க பேசுறோம்.

தண்டையார்பேட்டை_தங்கம்: அந்த அட்டவணை வானத்துல இருந்து விழல. அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேர் மேஜைக் கால்குலேட்டர்ல தட்டித் தட்டிக் கணக்குப் போட்டு 1956ல வெளியிட்டாங்க. அப்புறம் கணக்கு வாத்தியார் எட்வர்ட் தார்ப் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாரு, பெருசா ஒண்ணும் மாறல.

ராயபுரம்_ராக்கெட்: எங்க ராயபுரம் ஸ்டேஷன் 1856. அவங்க பேப்பரை எடுக்கிறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே ரயில் விட்ட ஏரியா. எங்களுக்கு நாலு சோல்ஜர் வந்து பாடம் எடுக்கணுமா?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்: ஸ்டேஷனை நீயா கட்டின?

தண்டையார்பேட்டை_தங்கம்: நீங்க அடிச்சுக்கிற விஷயமே மயிரிழைதான். 16க்கு 10ங்கிறது ஆட்டத்துலேயே பேஜாரான கை. 100 ரூபா கட்டினா, நின்னாலும் எடுத்தாலும் சராசரியா 54 ரூபா போயிடும். எடுத்தா ஏதோ சில்லறை மிச்சம். அந்த 16, மூணு நாலு சீட்டு சேர்ந்து, அதுல 4, 5 இருந்துச்சுன்னா நிக்கிறதே மேல். உனக்கு வேண்டிய சின்ன சீட்டு உன் கையிலேயே செலவாயிடுச்சு இல்ல.

ராயபுரம்_ராக்கெட்: ஆஹா! தங்கமே சொல்லிடுச்சு, நிக்கிறதே மேல். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

தண்டையார்பேட்டை_தங்கம்: முழுசா படிங்கண்ணே.

ராயபுரம்_ராக்கெட்: வேண்டியதைப் படிச்சாச்சு.

மூலக்கொத்தளம்_மணி: எக்ஸ்பிரஸ் ஸ்ட்ராடஜி பேசுறதுதான் காமெடி. போன வருஷம் கோவா பனாஜில, மாண்டவி ஆத்துக் கேசினோ கப்பல்ல, டீலர் 6 காட்டும்போது 12 வச்சுக்கிட்டு டீலருக்கு முந்தின கடைசி நாற்காலில உக்காந்து சீட்டு எடுத்தவன் இவன். டீலரைக் கவுத்திருக்க வேண்டிய ராஜாவை இவன் தூக்கிட்டான். மேஜைக்கே நாசம்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்: 12க்கு 6, நிக்கணும், தப்புதான். அன்னிக்குக் கை தவறிடுச்சு. ஆனா அதனால உனக்கு நஷ்டம்னு சொல்லாத. அடுத்த சீட்டு என்னன்னு எவனுக்குத் தெரியும்? நான் எடுத்ததால நீ ஜெயிச்ச கையெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது. என்கிட்ட அன்னிக்கு வாங்குன 2000மும் ஞாபகம் இருக்காது.

மூலக்கொத்தளம்_மணி: அந்த 2000 பிரியாணிக்குக் கழிஞ்சாச்சு.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்: நாலு பேர் தின்ன பிரியாணி, என் கணக்குலயா?

ராயபுரம்_ராக்கெட்: பிரியாணியை விடுங்கப்பா. ஒப்புக்கிட்டானா பாருங்க, 12லயே கை தவறுறவன்! 16ல எனக்குப் புத்தி சொல்றான்.

பெரம்பூர்_பொடிநடை: 16ஐ விடுங்கண்ணே. பிளாக்ஜாக் (முதல் ரெண்டு சீட்டுலயே 21) விழுந்தா 3க்கு 2 தர்ற மேஜையா, 6க்கு 5 தர்ற மேஜையான்னு முதல்ல பாருங்க. 100க்கு 150 வர்ற இடத்துல 120தான் வரும். நீங்க சண்டை போடுற சில்லறையை விட அது எவ்ளோ பெருசு.

ராயபுரம்_ராக்கெட்: தம்பி, உன்னை யாரு கேட்டா? எக்ஸ்பிரஸ், ஞாயித்துக்கிழமை காரம் கிளப்புக்கு வா. தீக்குச்சி வச்சு நூறு கை போடுவோம். நீ எடு, நான் நிக்கிறேன்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்: நூறு கையில மயிரிழை எங்க தெரியும்? வர்றேன். மணியையும் கூட்டிட்டு வா, 2000ஓட.

மூலக்கொத்தளம்_மணி: ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு கல்யாணம்.

ராயபுரம்_ராக்கெட்: 61.