38 டைன் பேனா சரி என்றது, மை உரிந்து வந்தது. உங்களுக்கு நடந்ததுண்டா?

பேட்டை அச்சுக்காரன்:
அல்வா கவர், பாலிப்ரொப்பிலீன் பிலிம், மை பிடிக்க கொரோனா (மின்பொறிச் சிகிச்சை) கொடுத்த ரோல். பிலிம் நனையுமா என்று பார்க்கிற 38 டைன் சோதனைப் பேனாவில் இழுத்தேன், கோடு துளித்துளியாக உடையவில்லை. ராத்திரியே ஓட்டிவிட்டோம். காலையில் கடை அண்ணாச்சி வந்தார், கவரில் செல்லோடேப்பை ஒட்டி ஒரே இழுப்பு. கடைப் பெயர் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. "என்ன தம்பி, நம்ம பேரே போச்சே" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். ரோல் நுனியை மடித்துப் பிடித்துச் சோதித்திருக்கிறேன். கொரோனா பட்டது ஒரு பக்கம், அச்சானது மறுபக்கம். அச்சான பக்கத்தில் இழுத்துப் பார்த்தால் அதே பேனா மை சேம்பிலைத் தண்ணீராக உருண்டது.

அபிஷேகப்பட்டி பஸ்:
எனக்குக் கணக்கில் அடி. பிலிம் மேல் வைத்த சொட்டு பரப்போடு செய்கிற கோணம் டையோடோமீத்தேன் என்ற திரவத்துக்கு 50 டிகிரி, தண்ணீருக்கு 110. அந்தக் கோணங்களிலிருந்து பரப்பாற்றலை இரண்டு பங்காகக் கணக்கிடும் ஓவன்ஸ்-வெண்ட் முறையில் சிதறல் பங்கு 34.3, முனைவுப் பங்கு 0.2. கூட்டினால் 34.5 mN/m, பிலிமுக்குப் பொருந்துகிற எண்தானே என்று ஸ்லைடில் போட்டேன். வைவாவில் சார் சாக்பீஸைக் கொடுத்து, வர்க்கம் போடுவதற்கு முந்தின வரியை எழுதச் சொன்னார். மைனஸ் 0.47. அது √முனைவுப் பங்கு, மைனஸில் வரவே கூடாது. எக்செல் வர்க்கப்படுத்தி மூடிவிட்டது. பிலிம் சொரசொரப்பு, தண்ணீரின் கோணம் ஏறியிருக்கிறது. இந்தக் கோணக் கணக்குக்கு அடிப்படையாக யங் 1805இல் சொன்னது வழவழப்பான பரப்புக்கு. சார் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாளை ரிட்டயர்டு:
அச்சுக்காரத் தம்பி, பேனா பரப்பாற்றலை அளக்கவே அளக்காது. மைக்கோடு 2 வினாடி நின்றால் அந்த எண்ணுக்குரிய திரவம் நனைக்கும், அவ்வளவுதான். என் கதை சின்னது: வாளித் தண்ணீரில் கோணம் பார்த்து அசடு வழிந்தேன். தாமிரபரணி குடிக்கத்தான்; கணக்கில் போடுகிற பரப்பு இழுவிசை 72.8 என்பது 20 டிகிரியில் சுத்த நீருக்கு. இனி கேளுங்கள். விரல் பட்ட இடத்தில் சோதிக்காதீர்கள். இரண்டு ஓரமும் நடுவும் பாருங்கள். கொரோனா ஏற்றியது நாளாக நாளாக இறங்கும், சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஓட்டுகிற அன்றைக்கே மறுபடி சோதியுங்கள். பேனா மையில் ஃபார்மமைடு என்ற ரசாயனம் இருந்தால் கையுறை கட்டாயம், கருவுற்ற பெண்கள் கிட்டேயே வரக்கூடாது. பஸ் தம்பிக்கு: சொட்டுக்குள் திரவம் கூட்டி ஒரு கோணம், உறிஞ்சி ஒரு கோணம் எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கணக்குக்கே போகாதீர்கள்.

பேட்டை அச்சுக்காரன்:
சார், நான் பேனாவைக் குறை சொல்லவில்லையே, பக்கம் மாறின கதைதான் சொன்னேன். அண்ணாச்சி மறுபடி ஆர்டர் தந்தார். இப்போதெல்லாம் டேப்பைச் சட்டைப் பையிலேயே கொண்டுவருகிறார்.