மறு: டெட் டைம் – 'இறந்த நேரம்' சரியா?

நண்பர்களே,

கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒரு துகளை எண்ணியதும் அடுத்ததை எண்ண முடியாமல் இருக்கும் சிறு இடைவெளிதான் டெட் டைம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே வந்த 'இறந்த நேரம்' வேண்டாம் என்பது என் கட்சி. இறந்த காலம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது முடிந்துபோன நேரமாகத்தான் படும். 'செத்த நேரம்' என்று கிண்டலாக எழுதியவருக்கு ஒன்று: எங்கள் தஞ்சைப் பக்கம் 'செத்த நேரம் உட்காருங்க' என்றால் கொஞ்ச நேரம் என்று பொருள், அந்த வகையில் அதுவே தேவலை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கதிர்வீச்சை எண்ணப் பயன்படும், வாயு அடைத்த கெய்கர்–முல்லர் குழாயில் ஒரு துகள் நுழைந்ததும் நடுக்கம்பி நெடுகிலும் மின்னிறக்கம் பரவுகிறது. எலக்ட்ரான்களைக் கம்பி உடனே இழுத்துக்கொள்ளும். கனமான நேர் அயனிகளோ மெதுவாகத்தான் நகரும். அவை கம்பியைச் சுற்றி உறைபோல நிற்கும்வரை மின்புலம் தணிந்தே இருப்பதால், அடுத்து வரும் துகள் மின்துடிப்பைக் கிளப்புவதில்லை. டெட் டைம் 100 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டு, பின்னணிக் கதிர்வீச்சை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், தனித்தனியே விநாடிக்கு 909 காட்டும் இரண்டு கதிர்மூலங்களைச் சேர்த்து வைக்கும்போது 1818 வராது, சுமார் 1667தான் வரும். இந்தக் குறைவிலிருந்தே அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கிறோம், இரட்டை மூல முறை என்பது இதுதான்.

குழாயோடு நின்றால் 'உணரா நேரம்' என்ற சொல்லே போதும், எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ஜெர்மானியம் படிக உணரியோடு, துடிப்புகளை உயரவாரியாகப் பிரித்து எண்ணும் மல்டிசானல் அனலைசரை வைத்து வேலை செய்கிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே படிகம் உணர்ந்துவிடும். முந்தைய துடிப்பின் உயரத்தை அளந்து முடிக்காத மின்னணுச் சுற்றுதான் அடுத்ததைத் தவறவிடுகிறது. தவிர, அதன் திரையில் லைவ் டைம், ரியல் டைம் என்று இன்னும் இரண்டு உண்டு. டெட் டைமுக்கு மட்டும் சொல் கண்டுபிடித்துவிட்டு அந்த இரண்டையும் அந்தரத்தில் விட்டால் எப்படி?

அதனால் என் முன்மொழிவு 'எண்ணா நேரம்'. மொத்த நேரத்திலிருந்து (ரியல் டைம்) எண்ணா நேரத்தைக் கழித்தால் எண்ணும் நேரம் (லைவ் டைம்). குழாயோ மின்னணுவோ, தவறவிட்டது யாராக இருந்தாலும் பொருந்தும். எண்ணுதல் என்றால் நினைத்தல் அல்லவா என்று யாராவது கேட்பார்கள். கவுன்ட்டரை 'எண்ணி' என்று புழங்கும்போது வராத குழப்பம் இதில் மட்டும் ஏன் வரப்போகிறது?

அப்புறம், டெட் டைமில் பேரலைசபிள் என்று ஒரு வகை. எண்ணா நேரத்துக்குள் வரும் ஒவ்வொரு துகளும் அந்த நேரத்தை இன்னும் நீட்டிவிடும். கதிர்வீச்சு ஓர் அளவைத் தாண்டினால் கருவி காட்டும் எண் ஏறாமல் இறங்கத் தொடங்கும், கையில் மீட்டரோடு நிற்பவர் பாதுகாப்பான இடம் என்று நினைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு. ஆகவே இது 'நீளும் எண்ணா நேரம்', அப்படி நீளாத மற்ற வகை (நான்-பேரலைசபிள்) 'நீளா எண்ணா நேரம்'. இரண்டாவது நாக்கில் இடறுகிறது, 'நிலைத்த எண்ணா நேரம்' என்றாலும் எனக்குச் சம்மதம்.

அடுத்தடுத்து வரும் துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும் பைல்-அப்புக்குத் 'துடிப்புக் குவிவு' என்று வந்ததை ஏற்கிறேன்.