பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக்காக டாப் வேரியன்ட் எடுக்கலாமா?

தாம்பரத்துக்காரன்: வணக்கம். புது கார் புக் செய்யப் போகிறேன். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை (மிரரில் தெரியாத இடத்தில் பக்கத்து வண்டி இருந்தால் சொல்லும் வசதி) டாப் வேரியன்டில் மட்டும்தான் வருகிறது. மச்சான் காரில் அது இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை தாண்டும்வரை சைடு மிரரில் ஆரஞ்சு விளக்கு அணையவே இல்லை; இண்டிகேட்டர் போட்டால் பீப் சத்தம் வேறு. ஏதாவது கோளாறா? இடப்பக்கம் ஓயாமல் பைக் நுழையும் நம் ஊருக்கு இது சரிப்படுமா? தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை திருச்சி.

நெடுஞ்சாலை: கோளாறு இல்லை சார். பின் பம்பரின் இரண்டு மூலையிலும் உள்ளே ரேடார் இருக்கும். பக்கத்தில் வண்டி இருக்கும்வரை விளக்கு எரியும். குரோம்பேட்டையில் எப்போது வண்டி இல்லாமல் இருந்தது? செங்கல்பட்டு தாண்டிப் பாருங்கள். லாரியை முந்த வலப்பக்கம் ஏறும் நேரத்தில் பின்னாலிருந்து 120இல் ஒருவர் வந்துகொண்டிருப்பார். அப்போதுதான் இதன் அருமை தெரியும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வசதி உள்ள வண்டிகளில் தடம் மாறும்போது நடக்கும் விபத்து 14 சதவீதம் குறைவு. மாதாமாதம் திருச்சி போகிறவர் தாராளமாக வாங்கலாம்.

பழைய டிரைவர்: அதற்கு முன் மிரரைச் சரி செய்யுங்கள் தம்பி. முக்கால்வாசிப் பேர் சைடு மிரரில் தங்கள் காரின் கதவைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். தலையை வலப்பக்க ஜன்னலோடு ஒட்டி வைத்து, வண்டியின் பின் ஓரம் லேசாகத் தெரியும்வரை வலது மிரரை வெளியே தள்ளுங்கள். பிறகு நடுவில் சாய்ந்து இடது மிரருக்கும் அப்படியே. பின்னால் வரும் கார் நடு மிரரை விட்டு விலகும்போதே சைடு மிரரில் தெரியும். இருந்தும் பைக் சின்னது, தப்பிவிடும். தலையைத் திருப்பிப் பார்ப்பதை விடாதீர்கள்.

பம்பர்: இன்னொன்று. பின்னால் இடி வாங்கினால், பம்பரில் ரேடார் இருக்கும் மூலையில் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க விடாதீர்கள். அலைகள் சரியாகப் போகாது. மழையில் அந்த மூலையில் சேறு அப்பினாலும் ரேடார் வேலை செய்யவில்லை என்று எச்சரிக்கை வரும், துடைத்தால் போதும்.

தாம்பரத்துக்காரன்: அண்ணே, மிரரை மாற்றிப் பார்த்தேன், நிறையவே தெரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் கேமரா படம் காட்டும் வகை எப்படி?

நெடுஞ்சாலை: கியா செல்டோஸில் இரண்டு பக்கமும் மீட்டரிலேயே தெரியும். ஹோண்டா எலிவேட்டில் இடப்பக்கம் மட்டும். இடது திருப்பத்தில் நுழையும் பைக்குக்கு எனக்குக் கேமராதான் பிடிக்கும்; ஆனால் தானாகக் கூப்பிட்டு எச்சரிப்பது ரேடார்தான். டெஸ்ட் டிரைவை மாலை ஆறு மணிக்கு, நெரிசலில் கேளுங்கள்.