14ஆம் நாள் கருமுட்டை வெடிக்கல, இப்பவே டாக்டர பாக்கணுமா?

காரைக்குடி பக்கம், வயசு 29, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகுது. பீரியட்ஸ் ஒரு மாசம் 36 நாள்ல வரும் அடுத்தது 45ஐ தாண்டிரும். முட்டை வெடிக்கிற நாள் பாக்குற கிட்ல 14ஆம் நாள் ஒண்ணும் காட்டல, 21ஆம் நாள் ரத்த டெஸ்ட்லயும் முட்டை வெடிக்கலன்னு சொல்லிட்டாங்க. படைப்புக்கு போனா ஆச்சிமாரெல்லாம் "என்னத்தா, விசேஷம் உண்டா"ன்னு ஆரம்பிச்சிர்றாங்க. அப்பத்தா கழற்சிக்காய் பொடி குடுக்குறாங்க. ஒரு வருஷம் முடியட்டும்னு வீட்ல சொல்றாங்க, காத்திருக்கவா?

பதில் 1:
14ஆம் நாள் கணக்கெல்லாம் 28 நாள்ல வர்றவங்களுக்குப்பா. முட்டை வெடிச்சு ஏறக்குறைய ரெண்டு வாரத்துல பீரியட்ஸ் வரும், அதனால பின்னாலேர்ந்து எண்ணணும், 40 நாள்னா 26 வாக்குல தான் வெடிக்கும், 21ல ரத்தம் எடுத்தா, முட்டை வெடிச்சப்புறம் ஏறுற புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் கம்மியா தானே காட்டும்! பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முந்தி எடுக்கணும். நாள் பிடிபடலன்னா வாரம் ஒருக்கா எடுப்பாங்க, இல்லாட்டி ஸ்கேன்ல முட்டை வளர்றத பாப்பாங்க.

பதில் 2:
நான் நர்ஸ். காத்திருக்காதீங்க. 35 வயசுக்குள்ள ஒரு வருஷம், அதுக்கு மேல 6 மாசம்ங்கிறது ஒழுங்கா பீரியட்ஸ் வர்றவங்களுக்கு. உங்கள மாதிரி 35 நாள தாண்டித் தாண்டி வந்தா இப்பவே போகலாம், 3 மாசம் வரவே இல்லன்னா கர்ப்பமான்னு பாத்துட்டு கண்டிப்பா போகணும்.
முதல் சந்தேகம் சினைப்பை நீர்க்கட்டி, PCOSன்னு சொல்வாங்களே அது. மோவாய்ல முடி, பரு இருக்கா? நீர்க்கட்டி இருந்தா முட்டை வெடிக்காமலே கிட் சும்மா ரெண்டு கோடு காட்டலாம், அத நம்பாதீங்க. அப்புறம் தைராய்டு, புரோலாக்டின்ங்கிற பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். திடீர்னு எடை ஏறினாலும் இறங்கினாலும், மனசு ரொம்ப அலைக்கழிஞ்சாலும் தள்ளும். டோம்பெரிடோன் கலந்த கேஸ் மாத்திரை தொடர்ந்து போட்டா கூட புரோலாக்டின் ஏறும். மாருல பால் கசிஞ்சாலோ தலைவலியோட கண்ணு மங்கினாலோ உடனே போங்க.

பதில் 3:
வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க ஆச்சி, நம்ம ஊர்ல அத மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. கழற்சிக்காய் பொடி குடிக்கிறதையும் டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிருங்க.

கேட்டவர்:
ஐயோ, நெஞ்செரிச்சலுக்கு மாசக்கணக்கா போடுற மாத்திரை அட்டையில அதே டோம்பெரிடோன் தான் போட்டிருக்கு. நிறுத்திரவா?

பதில் 2:
நீங்களா நிறுத்தாதீங்க, அதுதான் காரணம்னும் இப்பவே முடிவு கட்டிராதீங்க. அட்டையையும் பீரியட்ஸ் வந்த தேதியெல்லாம் எழுதுன சீட்டையும் எடுத்துட்டு போங்க.